ராத்திரி முழுக்க முழித்திருந்த பம்ப்

நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படியே அடங்கிக் கிடக்கும். டீக்கடை பூட்டியிருக்கும், நடுரோட்டில் நாய்கள் கால் நீட்டிப் படுத்திருக்கும். போன ஆடி மாதம் லீவில் ஊருக்குப் போனபோது அப்படி ஒரு சாயங்காலம் மாமாவின் பட்டறைக்குள் நின்றிருந்தேன். வெல்டிங் இல்லை, கட்டிங் மெஷின் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் பெயிண்ட் அறைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. டப்... புஸ்ஸ். டப்... புஸ்ஸ். நடுநடுவே பின்பக்கத்து ஷெட்டில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டு எழும்பும், கொஞ்ச நேரம் ஓடும், அடங்கும், மறுபடி எழும்பும். யாருக்காக இது ஓடுகிறது என்று கேட்டேன். மாமா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "பெயிண்டுக்குத்தான். அது அடியில உறைஞ்சிரக் கூடாதுல்லா."

மாமா பீரோ, கட்டில், பள்ளிக்கூட பெஞ்சுக்கான இரும்புக் கால் எல்லாம் செய்கிறார். மூன்று ஸ்ப்ரே கன். மூன்றுக்கும் ஒரே டிரம்மில் இருந்து ரெட் ஆக்ஸைடு பிரைமர், அதாவது இரும்புக்கு முதல் பூச்சாக அடிக்கும் சிவப்புப் பெயிண்ட், போகும். டிரம்மின் தலையில் ஒரு டயபிரம் பம்ப் உட்கார்ந்து பிரைமரைக் குழாயில் தள்ளும். குழாய் அறையைச் சுற்றி வந்து, கன் எடுத்துக்கொண்டது போக மீதியைத் திரும்ப டிரம்மிலேயே கொட்டும். பெயிண்ட் நின்றால் படியும் என்பதால் இந்தச் சுற்று. நான் ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலை ஒன்றில் பெயிண்ட் பிரிவில் மெயின்டனன்ஸ் ஆள். எங்கள் இடத்திலும் இதேதான், கொஞ்சம் பெரிய அளவில். பெயிண்டைக் கலக்கிச் சுற்ற விடும் அறையைப் பெயிண்ட் கிச்சன் என்போம். அதனால்தான் மாமா கூப்பிட்டார். "கரண்ட் பில்லு கூடிக்கிட்டே போவுது மக்கா. நீ பெயிண்ட்லதானே இருக்கே, ஒருக்கா வந்து பாரேன்."

நானும் போனேன், எல்லாம் தெரிந்தவன் போல. அந்தத் தோரணை பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு சீலிங் ஃபேன் அளவு வேலை

அந்த டயபிரம் பம்புக்கு மோட்டார் கிடையாது. அழுத்தக் காற்றில் ஓடும். காற்று ஒரு பக்கத்து ரப்பர் சவ்வைத் தள்ளும், பெயிண்ட் வெளியே போகும், பிறகு மறுபக்கம். ஒவ்வொரு தள்ளலுக்கும் உள்ளே போன காற்று வேலை முடிந்ததும் வெளியே விடப்படும், அதுதான் அந்தப் புஸ்ஸ். பெயிண்ட் அடிக்கும் இடங்களில் இதை விரும்ப நல்ல காரணங்கள் உண்டு. எளிதில் தீப்பிடிக்கும் தின்னர் ஆவி நிற்கும் இடத்தில் மின்சாரமே வேண்டாம். கன்னை மூடினால் பம்ப் தானாக நின்றுகொள்ளும், திறந்தால் தானாக ஓடும். சுத்தியலும் ஸ்பேனரும் தெரிந்த யாரும் அவிழ்த்து மாட்டிவிடலாம். விலையும் குறைவு. கெட்டது ஒன்றே ஒன்று, அது கரண்ட் பில்லில் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் மாமாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் பெயிண்டை 4 பார் அழுத்தத்தில் சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 0.2 லிட்டர், 400 கிலோபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் 80 வாட். பெயிண்டைத் தள்ளும் உண்மையான வேலை அவ்வளவுதான், தலைக்கு மேலே ஓடும் சீலிங் ஃபேன் ஒன்றின் அளவு. ஆனால் அந்த வேலையைச் செய்ய, தேய்ந்த வால்வோடு அந்தப் பம்ப் தின்னும் காற்று நிமிடத்துக்கு 4 கன அடி. பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்குதான்: கம்ப்ரசரில் 1 குதிரைத்திறன் போட்டால் 4 கன அடி காற்று கிடைக்கும். ஆக 80 வாட் வேலைக்கு 1 குதிரைத்திறன், அதாவது சுமார் 750 வாட். பாக்கி எங்கே போகிறது? காற்றை அமுக்கும்போதே பெரும்பகுதி சூடாகிக் கம்ப்ரசரின் தலை வழியாகப் போய்விடுகிறது. கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 30 சதவீதம்தான் காற்று பயன்படும் இடம் வரை போய்ச் சேரும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு. ஷெட்டுக்குள் போய் அந்தத் தலை மேல் கை வைத்துப் பார்த்தால் கணக்கே வேண்டாம்.

ஊருக்கு வரும் வழியில் முப்பந்தலில் பஸ் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆடிக்காற்றில் அத்தனையும் வெறி பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றைப் பிடித்துக் கரண்டாக்கிக் கம்பியில் விடுகிறோம். இருபது கிலோமீட்டருக்குள் என் மாமா அதை வாங்கித் திரும்பவும் காற்றாக்கி, பத்தில் ஒரு பங்கு வேலை வாங்கிவிட்டு, மிச்சத்தைப் புஸ்ஸென்று விடுகிறார். இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்போ காத்தாடிக்கும் நம்ம கம்ப்ரசருக்கும் நேரா ஒரு ஓஸ் போட்டிரலாம்" என்றார்.

தீர்வு எனக்குத் தெளிவாக இருந்தது: எலக்ட்ரிக் பம்ப். மோட்டார், கியர், மெதுவாக ஏறி இறங்கும் பிஸ்டன். தொழிற்சாலைகளின் பெயிண்ட் பிரிவுகள் பலவும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கின்றன. இழப்பெல்லாம் சேர்த்தும் 250 வாட்டுக்குள் அடங்கும். ஆள் இல்லாத 14 மணி நேரத்துக்குக் காற்றுப் பம்ப் பத்தரை யூனிட் தின்றால், இது மூன்றரை. ராத்திரிக்கு 7 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வைத்தால் 56 ரூபாய். விலை கேட்டோம், தீப்பொறி வெளியே வராத ஃப்ளேம்புரூஃப் மோட்டாரோடு ஒரு லட்சத்தைத் தாண்டியது. மாமா மனக்கணக்கில் கெட்டிக்காரர். "வருஷத்துக்கு இருபதாயிரம். அஞ்சு வருஷம் கழிஞ்சு லாபம். அதுவரைக்கும் அது ஓடணும்லா" என்றார். பில்லை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கணக்கு சரி, ஆனால் அவர் சொல்வதும் சரி. பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன்: மாமா என்னைக் கூப்பிட்டது ஏறிக்கொண்டே போகும் பில்லுக்காக. நான் கண்டுபிடித்துக் கொடுத்தது 56 ரூபாய். எங்கோ எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறேன். அந்த டப்-புஸ் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஓகிக்கு அப்புறம்

ராத்திரி முழுக்க ஓடியே ஆக வேண்டுமா என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் பெயிண்ட் சுற்று ஒருநாளும் நிற்காது என்பதால் அது கேள்வியாகவே தோன்றவில்லை. தீபாவளிக்குப் போனபோது பெயிண்ட் மேஸ்திரி சொல்லித்தான் கதை தெரிந்தது. அவர் அந்தப் பட்டறையில் இருபது வருஷமாக இருக்கிறார்.

முன்பெல்லாம் சாயங்காலம் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம்; கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளுக்கு முன்னால் ஒரு டிரம் பிரைமரைப் பற்றிப் பேசவும் கூச்சமாக இருக்கிறது. ரப்பரும் வாழையும் சாய்ந்தன, கரண்ட் கம்பங்கள் வரிசையாக விழுந்தன. பட்டறைக்குக் கரண்ட் வர நாள்கள் ஆயின. வந்ததும் பம்பைப் போட்டால் பம்ப் முக்குகிறது, பெயிண்ட் நகரவில்லை. ரெட் ஆக்ஸைடு கனமான பொடி. குழாயின் ஒவ்வொரு வளைவிலும் செங்கல் மாதிரி படிந்து இறுகிவிட்டது. மொத்தக் குழாயையும் கழற்றி, பாதியை வெட்டிப் போட்டு, ஒரு பள்ளிக்கூட ஆர்டரையும் கைவிட வேண்டி வந்தது. அன்றைக்கு மாமா சொன்னாராம், "இனிமே இந்தப் பம்பு நிக்கப்பிடாது." நிற்கவில்லை. ஞாயிறு, பொங்கல், தீபாவளி, எப்போதும்.

ஆக அந்தச் சத்தம் மாமாவுக்கு ஒரு தைரியம். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. ராத்திரி விழிப்பு வந்தால் டப்-புஸ் கேட்கும், திரும்பிப் படுத்துக்கொள்வார். இது தெரியாமல் நான் வாட் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

80 விநாடி, 160 விநாடி

தீபாவளிக்கு மறுநாள். பட்டறையில் நானும் மேஸ்திரியும் மட்டும். பம்பின் சத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்க, அதற்குப் போகும் காற்று வால்வை மூடினேன். டப்-புஸ் நின்றது. அந்த அமைதியில் ஒரு நிமிடம் நின்றோம். பின்னால் கம்ப்ரசர் எழும்பியது.

"தம்பி, பம்ப நிறுத்தினாலும் அது ஓடத்தான் செய்யும்" என்றார் மேஸ்திரி, எனக்கு ஏதோ தெரியாததைத் தயங்கிச் சொல்வது போல. நான் போனில் ஸ்டாப்வாட்ச் எடுத்தேன். கம்ப்ரசர் 80 விநாடி ஓடியது. 160 விநாடி நின்றது. மறுபடி 80. ஐந்து சுற்று பார்த்தேன், இரண்டு மூன்று விநாடிதான் முன்பின். பட்டறையில் ஒரு கன் கூடத் திறக்கவில்லை, பம்பும் இல்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் 10 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஓடுகிறது. அது கொடுப்பது நிமிடத்துக்கு 40 கன அடி. மூன்றில் ஒரு பங்கு என்றால் 13. நான் பெரிதாகக் கண்டுபிடித்த பம்ப் தின்பது 4. எங்கெங்கோ யாருக்கும் உபயோகம் இல்லாமல் ஒழுகுவது 13.

இந்தச் சோதனை ஒன்றும் புதிதில்லை. எங்கள் வேலையில் வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்வது. மாமாவின் பட்டறையில் மட்டும் எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் பம்பை மாற்றுவது என்ற முடிவோடு உள்ளே நுழைந்தவன். தோரணை என்று சொன்னேனே, அதுதான்.

சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டு கசிவு தேடினோம். ஓஸை மாட்டும் கப்ளர்களில் நுரை வந்தது, ஒரு கன் ஓஸின் கிளிப்பில் வந்தது, எதிர்பார்த்ததுதான். பெரியது கடைசியில் கிடைத்தது. காற்றுத் தொட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் டிரெயின் வால்வு லேசாகத் திறந்திருந்தது. ஃபில்டரின் அடியில் இருந்த இன்னொன்றும் அப்படியே. யார் இதைத் திறந்து வைத்தது என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். மேஸ்திரி, "நான்தான்" என்றார்.

அவர் சொன்ன காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, நடுவிலும் கடல் காற்று. அந்தக் காற்றை அமுக்கினால் தொட்டியில் தண்ணீர் சேரும். அது ஓஸ் வழியாக வந்து கன்னில் தெறித்தால் பீரோக் கதவில் குழிகுழியாக விழும்; திரும்பத் தேய்த்து அடிக்க வேண்டும், திட்டு வாங்குவது மேஸ்திரி. பகலில் மணிக்கொரு தரம் ஓடிப்போய் வடிக்க ஆள் இல்லை. அதனால் வால்வைக் கால் திருகு திறந்தே வைத்துவிட்டார். தண்ணீர் தானாக வடிந்துகொள்ளும். கூடவே காற்றும். இருபது வருஷ அனுபவத்தோடு, வேலை சுத்தமாக வர வேண்டும் என்று ஒருவர் செய்த ஏற்பாடு அது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் அதற்குச் சுமார் 3 கிலோவாட் போகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அந்தப் பாடத்தில் இப்படி ஒரு மேஸ்திரி வரமாட்டார்.

அப்புறம்தான் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. ராத்திரி 14 மணி நேரம் பம்புக்குப் பத்தரை யூனிட், அதே கணக்கில் ஒழுகலுக்குச் சுமார் 34. மொத்தம் 45 யூனிட், கிட்டத்தட்ட 360 ரூபாய். ஆனால் அந்த 34 யூனிட் ராத்திரியில் ஒழுகுவது ஏன்? கம்ப்ரசர் விழித்திருப்பதால். கம்ப்ரசர் விழித்திருப்பது ஏன்? பம்புக்காக. 80 வாட் வேலை ஒன்று, 10 குதிரைத்திறனையும் அதன் அத்தனை ஓட்டைகளையும் விடிய விடிய எழுப்பி வைத்திருக்கிறது. கைக்குழந்தை ஒன்று சிணுங்கினால் வீடே முழித்திருக்குமே, அப்படி. பம்ப் எவ்வளவு தின்கிறது என்பதைத்தான் நான் பார்த்திருந்தேன். அது யாரையெல்லாம் தூங்க விடாமல் வைத்திருக்கிறது என்று பார்க்கவில்லை. பம்ப் தனியாக ஒரு பிளக்கில் ஓடினால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்ரசரை அணைத்துவிட்டுப் போகலாம். 56 ரூபாய் 330 ரூபாய் ஆகிறது. ஐந்து வருஷம் ஒரே வருஷமாகச் சுருங்குகிறது.

கசிவை மட்டும் அடைத்தால் போதாதா என்று மாமா கேட்டார், நியாயமான கேள்வி. அடைத்தோம். கப்ளர் மாற்றினோம், தண்ணீர் சேர்ந்தால் மட்டும் தானாகத் திறந்து மூடும் டிரெயின் இரண்டு போட்டோம், பதின்மூன்று ஐந்தாகக் குறைந்தது. ஆனால் காற்றுக் கசிவு தலைமுடி மாதிரி. வெட்டினால் இரண்டு மாதத்தில் திரும்ப நிற்கும். தினமும் ராத்திரி அதற்குத் தீனி போடாமல் இருப்பதுதான் நிச்சயமான வழி.

(ஸ்ப்ரே அடிக்கும் பூத்தில், சிதறும் பெயிண்டைப் பிடிக்கத் தண்ணீர்த் திரை ஓட்டும் பம்பைப் பற்றியும் ஒரு வரி. முக்கால்வாசி மூடிய வால்வோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பது போல. அந்த வகைப் பம்பில் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும். வாழைத் தோட்டத்துக்கு மோட்டார் போட்ட மாமாவுக்கு அது உடனே புரிந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை

மாமா சம்மதித்த பிறகு மேஸ்திரி மறுத்தார். "தின்னர் மணக்குற எடத்துல கரண்டக் கொண்டு வைக்கியளா? நான் அங்கே நிக்க மாட்டேன் தம்பி." இளவயதில் வேறொரு இடத்தில் தின்னரை டின்னில் இருந்து டின்னுக்கு ஊற்றும்போது குப்பென்று பிடித்ததைப் பார்த்தவர். புருவம் கருகியதோடு தப்பித்தாராம். அங்கே கரண்ட் இல்லை, தீக்குச்சி இல்லை. திரவம் ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம்தான் அது. அப்படியானால் காற்றுப் பம்பிலும் அதே ஆபத்து உண்டு, டிரம்மையும் பம்பையும் எர்த் செய்யாவிட்டால். போய்ப் பார்த்தோம். டிரம்மில் எர்த் கிளிப் இல்லை. எப்போதோ கழன்று ஒரு மூலையில் கிடந்தது. கரண்ட் இல்லாததால் பத்திரம் என்று எல்லோரும் நம்பிய இடம் அது. முதல் வேலையாக அதை மாட்டினோம், ஒரு ரூபாய் செலவில்லாமல். சுவிட்ச் போர்டை அறைக்கு வெளியே சுவரின் மறுபக்கம் வைத்து, காற்றோட்ட ஃபேன் ஓடாமல் பம்ப் ஓடாது என்று இணைத்த பிறகுதான் மேஸ்திரி தலையசைத்தார். முழுமனதாக அசைத்தார் என்று சொல்ல மாட்டேன்.

பொங்கல் லீவில் பம்ப் வந்தது. முதல் வாரமே ஒரு கூத்து. காற்றுப் பம்ப் வழி அடைத்தால் பேசாமல் நிற்கும்; மோட்டார் அப்படி நிற்காது, தள்ளிக்கொண்டே இருக்கும். யாரோ திரும்பும் குழாயின் வால்வைப் பழைய பழக்கத்தில் மூடிவிட்டார்கள், ஒரு ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு சுவர் முழுக்கச் சிவப்பு. அழுத்தம் மிஞ்சினால் நிறுத்தும் சுவிட்சை அவசரத்தில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது என் தப்பு. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான், "சுவருக்கும் பிரைமர் அடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

இப்போது ராத்திரியில் பம்ப் பாதி வேகத்தில் ஓடுகிறது. கன் எதுவும் திறக்காத நேரத்தில் 4 பார் அழுத்தம் எதற்கு? பெயிண்ட் படியாமல் நகர்ந்தால் போதும். கெட்டியான திரவம் குழாயில் மெதுவாகப் போகும்போது ஓட்டத்தைப் பாதியாக்கினால் தேவையான அழுத்தமும் பாதியாகும்; இரண்டும் சேர்ந்து வேலை கால்பங்கு. எண்பது வாட் இருபது. ராத்திரிக்குப் பாதி வேகம் போதுமா என்று சந்தேகம் வந்தபோது, மேஸ்திரி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிரைமரை ஊற்றி சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலில் வைத்தார். திங்கள் காலையில் மேலே ஒரு விரல் அகலம் தெளிந்திருந்தது, அடியில் களிபோல இருந்தது, ஈர்க்குச்சியால் கலக்கினால் கலந்துவிட்டது. இரண்டு ராத்திரி அசையாமல் நின்றாலே இவ்வளவுதான். ஓகியில் நடந்தது வேறு. அதை மாமாவிடம் காட்டினோம். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செரி, ஆனா நிறுத்தண்டாம், மெதுவா ஓடட்டு" என்றார்.

பட்டறை ராத்திரியில் இப்போது சத்தமே இல்லாமல் இருக்கிறது. கம்ப்ரசர் இல்லை, டப்-புஸ் இல்லை, எலக்ட்ரிக் பம்பின் முனகல் சுவரைத் தாண்டாது. போன வாரம் அத்தை போனில் சொன்னாள், மாமா பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறாராம், தினமும். அறைக்கு வெளியே ஓடுகிறது என்று காட்டப் பச்சை விளக்கு ஒன்று வைத்திருக்கிறோமே என்றேன். விளக்கை அவர் நம்புவதில்லையாம். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே ஏதோ நகர்கிறது என்று தெரிந்த பிறகுதான் வந்து படுக்கிறார்.